மொழி கற்கும் காலத்துக்கும் சோறு வேண்டும்

எங்கள் காலனியில் எம்.ஏ. வரலாறு முடித்த தம்பி ஒருவர் சென்ற மாதம் வந்திருந்தார். வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குப் போன நம் மக்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. "ஒப்பந்தம், கோர்ட்டு காகிதம் எல்லாம் அரபியிலதாண்ணே இருக்கு. அத நானே படிக்கணும். எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.

ஆங்கிலம் பேசுவோர் அரபி கற்றுத் தேற ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. வாரம் 25 மணி என்றாலும் 88 வாரம். அத்தனை நாளும் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க அரசு ஒரு வழி கண்டது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அரபி போன்ற மொழிகளைக் கற்போருக்கு அரசே பணம் தரத் தொடங்கியது. பிளாஸ் எனப்படும் மொழி நல்கை அதன் வாரிசுதான். 2022இல் தொடங்கிய சுற்றில், முதுநிலை, முனைவர் பட்ட மாணவருக்கு ஒரு கல்வியாண்டில் கட்டணத்துக்கு 18,000 டாலர் வரையும் வாழ்க்கைச் செலவுக்கு 20,000 டாலரும் கிடைத்தன. பருவம்தோறும் மொழி வகுப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. அதாவது, எழுத்துக்கூட்டிப் படித்த நாளுக்கும் படி கிடைத்தது.

இது தருமம் அல்ல. தன் தேவைக்காக அந்த அரசு செய்த முதலீடு. அந்த நோக்கத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை, ஏற்பாட்டைக் கவனிக்கலாம். இதே நல்கையில் தமிழ் கற்று, மதுரைக்கு வந்து பயின்ற அமெரிக்க மாணவர்களும் உண்டு. நம் மொழியை அவர்கள் கற்க அவர்கள் அரசு செலவழித்தது. பிற மொழியை நம் பிள்ளை கற்க நம் அரசு என்ன செய்கிறது?

பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய ஆய்வு நல்கை, முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். ஆய்வுக்குத் தேவையான மொழியை முன்கூட்டியே கற்றிருக்க வேண்டும். வீட்டில் வசதி உள்ளவருக்கு அது நடக்கும். பகலில் கடையில் நின்று இரவில் படிக்கிறவர், மொழிபெயர்ப்பு கிடைக்கிற தலைப்போடு நின்றுவிடுகிறார். அடுத்தவர் படித்துச் சொன்னதைத்தான் மேற்கோள் காட்ட முடியும்.

மொழியின் கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டதால் பாரசீகம் எடுத்தவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகை 1913இல் அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. சமஸ்கிருதத்தைப் பின்னாளில் தாமாகவே கற்று, சாத்திரங்களை நேரே எதிர்கொண்டார். அயோத்திதாசர் பாலி அறிந்திருந்ததால்தான் பௌத்தத்தை நம் பக்கமிருந்து பேச முடிந்தது.

ஆசிரியர் இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறையே இருக்கிறது. இல்லாதது மாணவரின் மாதச் செலவுக்கான பணம். ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு இருபது பேரையாவது தேர்ந்தெடுத்து, அரபி, பாலி, சமஸ்கிருதம், பிரெஞ்சு என அவரவர் ஆய்வுக்கு வேண்டிய மொழியைக் கற்க இரண்டு ஆண்டு நல்கை தரட்டும். ஆய்வில் சேரும் முன்பே தரட்டும். மாதம் தவறாமல் தரட்டும். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வரும் பணம் வாடகைக்கு உதவாது.

அந்தத் தம்பி இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். இரவில் கைப்பேசியைப் பார்த்து அரபி எழுத்துகளை எழுதிப் பழகுகிறார். இருபத்தெட்டு எழுத்தும் வந்துவிட்டதாம். மீதிக்கு அவருக்கு நேரம் வேண்டும். அதைத்தான் அரசிடம் கேட்கிறோம்.