அந்த 114ஐ அளந்தது யார்?

நில வரைபடம் காலனிய ஆதிக்கத்தின் ஆயுதம் என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிட்டதாக நம் சிற்றிதழ்க் கட்டுரையாளர் பலர் எண்ணுகின்றனர். புளியங்குடியிலிருந்து எழுதும் எங்களால் இதை ஏற்க இயலவில்லை.

எங்கள் எலுமிச்சைத் தோப்புகளுக்கு மேற்கே எழும் சிவகிரி, சொக்கம்பட்டி மலைக்காடுகளில்தான் பெரியாறு பிறக்கிறது. முகட்டின் இப்பக்கமா, அப்பக்கமா என்பது நெடுநாள் வழக்கு. ஆறு முழுவதும் தன்னுடையதே என்று கேரளம் வாதிட்டது. 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொத்த நீர்ப்பிடிப்பு 5398 சதுர கிலோமீட்டர். அதில் தமிழகத்தில் 114. இந்த 114ஐ எந்தக் கோட்பாடு அளந்து தந்தது?

1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்த லாம்டன், 1808இல் தஞ்சைக் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறறுந்து மோதிய கோணமானியைத் தம் கையாலேயே செப்பனிட்டு, மறு ஆண்டு நெல்லைச் சீமைக்கு வந்தார். 1816 முதல் 1820 வரை வார்ட், கானர் என்ற இரு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூர், கொச்சி மலைகளை அளந்தனர். வரிக்காகவும் படை நடத்தவும்தான் அளந்தார்கள்; யார் மறுத்தார்? ஆனால் மூன்று குன்றுகளில் நின்று பார்த்த கோணங்கள் கூட்டலில் ஒத்துவராவிட்டால் முக்கோணம் மூடாது. எதை அளப்பது என்பதைக் கும்பினி முடிவு செய்தது. எவ்வளவு என்பது அதன் கையில் இல்லை.

உண்மையான அநீதி வேறிடத்தில் இருக்கிறது. கட்டுடைப்பாளர்கள் அங்கே போவதில்லை. 1893இல் கனடாவின் வடகோடித் தரிசில் டுபான்ட் ஆற்றை வரைந்த டைரல் சகோதரர்களின் பயண நூலில், துடுப்பு வலித்த இரோக்குவா பழங்குடியினரின் பெயர்கள் உள்ளன. இங்கே புதர் வெட்டியவர், கொடி பிடித்தவர், காய்ச்சலில் விழுந்தவர் பெரும்பாலும் வெறும் கலாசிகள். பளியர் அறிந்த ஓடைப் பெயர்களில் எத்தனை வரைபடத் தாளில் ஏறின?

வார்ட்–கானர் அறிக்கையைக் கேரள அரசு மறுபதிப்பே செய்திருக்கிறது. வசைபாடுவோர் முதலில் அதைப் படிக்கட்டும். பிறகு வாசுதேவநல்லூர் தலையணைக்கு வரட்டும். அங்கே பளியர் இன்றும் வாழ்கின்றனர். ஓடைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப்புத்தகம் போதும். பேருந்துச் செலவை வேண்டுமானால் நாங்கள் தருகிறோம்.