ஒற்றை இடத்தில் நின்ற கட்சி

போர்ச்சுகலில் 1974 ஏப்ரலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சிறு மார்க்சிய-லெனினியக் குழுக்கள் சேர்ந்து ‘மக்கள் ஜனநாயக ஒன்றியம்’ என்ற கட்சியைத் தொடங்கின. சோவியத் சார்பான கம்யூனிஸ்ட் கட்சியைத் திரிபுவாதக் கட்சி என்று அது கடுமையாகச் சாடியது. 1975 அரசியல் நிர்ணய சபையின் 250 இடங்களில் அதற்குக் கிடைத்தது ஒன்றே. 1976 குடியரசுத் தலைவர் தேர்தலில் அது ஆதரித்த ஒட்டேலோ டி கார்வால்யோ, ஏப்ரல் புரட்சியைத் திட்டமிட்ட இராணுவ அதிகாரி, சுமார் 16 சதவீத வாக்குடன் இரண்டாமிடம் பிடித்தார். ஆனால் அந்த ஆதரவு நாடாளுமன்றத்தில் கட்சியின் இடங்களாக வளரவேயில்லை. ஒற்றை இடமும் 1983இல் பறிபோனது. 1999இல் பழைய பகையை ஒதுக்கிவைத்து, டிராட்ஸ்கியவாதிகளுடன் சேர்ந்து ‘இடதுசாரி அணி’யை உருவாக்கியதே அதன் மிகச் சிறந்த முடிவு. 2005இல் மக்கள் ஜனநாயக ஒன்றியம் கட்சி என்ற தகுதியைத் துறந்து, அரசியல் சங்கமாக மாறியது.