துணைவேந்தர் நாற்காலி பெண்ணுக்கு எட்டாததா?

தாராவியில் வாழும் தமிழர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் நாம் வரிசையில் நின்ற இடம் அது. அதன் மருத்துவக் கல்லூரியில் டீனாக இருந்தவர் டாக்டர் சிநேகலதா தேஷ்முக் என்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். 1995-இல் அவர் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அந்தப் பல்கலைக் கழகம் தோன்றியதோ 1857-இல். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்மணி அவர் அல்லர்; ஆனாலும் முதல் பெண்மணி அதில் அமரவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின!

திறமையுள்ள பெண்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1949-லேயே பரோடாப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் ஹன்சா மேத்தா. ஆனால் அவர் திறந்த வழியில் கூட்டம் பின்தொடரவில்லை. டில்லி நேரு பல்கலைக் கழகம் 1969-இல் தொடங்கியது. முதல் பெண் துணைவேந்தர் வந்தது 2022-இல். 1920-இல் பல்கலைக் கழகமான அலிகாருக்கு அந்த நாள் 2024-இல் தான் வந்தது. ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்கு முதன் முதலாக ஒரு பெண் தலைமை ஏற்றது 2023-இல். அதுவும் சென்னை ஐ.ஐ.டி. கடல் கடந்து சான்சிபாரில் தொடங்கிய வளாகத்துக்கு!

வகுப்பறையின் நிலை வேறு. 2021-22 கணக்குப்படி உயர் கல்வி பயின்ற 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள். ஆசிரியர்களில் நூற்றுக்கு 43 பேர் பெண்கள். படிக்கவும் கற்பிக்கவும் வந்தவர்கள் தலைமை இடத்துக்கு வராமல் எங்கே தங்கி விட்டார்கள்?

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு சீனியாரிட்டியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சர்வீசில் இரண்டு ஆண்டு விட்டுப் போனால் பிரமோஷன் எவ்வளவு தூரம் தள்ளிப் போகும் என்பது நமக்குத் தெரியும். துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராகவோ, பெயர் பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்று 2018-இல் பல்கலைக் கழக மானியக் குழு விதி வகுத்தது. விதியில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. ஆனால் டாக்டர் பட்ட ஆராய்ச்சி முற்றும் வயதில் தான் பெண்ணுக்குத் திருமணம், பிரசவம், கணவரின் மாற்றல் எல்லாம் வந்து சேருகின்றன. இளமையில் இழந்த நான்கைந்து ஆண்டுகள் ஐம்பது வயதில் கணக்குக்கு வருகின்றன.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. "அந்த அம்மாளுக்கு ஏன் சிரமம்? மாலையில் கூட்டம் இருக்கும், வெளியூர் போக வேண்டியிருக்கும்" என்று கரிசனத்தோடு சொல்லியே துறைத் தலைவர், டீன் பொறுப்புகளை ஆண்களிடம் ஒப்படைத்து விடுகிறார்கள். பிறகு துணைவேந்தரைத் தேடும் குழு "நிர்வாக அனுபவம் போதாது" என்கிறது. நீந்த விடாமல் கரையில் நிறுத்தி விட்டு, நீச்சல் தெரியாது என்று குறை கூறுவது நியாயமா?

வழிகள் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும், ஆராய்ச்சியை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் 2016 விதிகளில் கிடைத்தன. இந்தப் பரிவு பட்டத்தோடு நின்று விடாமல் பதவி உயர்வுக் கணக்கிலும் தொடர வேண்டும். துறைத் தலைமை முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். தேடும் குழுக்களில் பெண்கள் கட்டாயம் இடம் பெற வேண்டும்.

அரசின் கடமை ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் நாம் செய்வது என்ன? பையன் மேலே படிக்கக் கடன் வாங்குகிறோம். பெண் எம்.எஸ்ஸி. முடித்து "ஆராய்ச்சி செய்கிறேன்" என்றால், "படித்தது போதும், ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம்" என்கிறோம். ஊரை விட்டு வந்து, ஒற்றை அறையில் குடியிருந்து, பிள்ளைகளைப் பட்டதாரிகள் ஆக்கியவர்கள் நாம். மகளுக்கு இன்னும் ஐந்து ஆண்டு கொடுப்பது நம்மால் முடியாததா? அந்த நாற்காலிக்குப் போகும் ஏணியின் முதல் படி நம் வீட்டில் தான் இருக்கிறது.