கிட்டத்துக் கடலுக்கு விலக்கு வேண்டுமாம்!

கொழும்பில் ஏற்றுமதி வணிகம் நடத்தும் நண்பரொருவர் அண்மையில் எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மீண்டும் கப்பல் விட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் உற்சாகம் கொள்பவர் அவர். நானும் அப்படித்தான். இம்முறை கடிதத்தின் நடுவே ஒரு யோசனையையும் நுழைத்திருந்தார். மாகடல் தாண்டும் கப்பல்களுக்கு வகுத்த சுமை விதிகளை இந்தச் சிறு கடவையின் மீதும் ஏற்றுவது மடமையாம். "இருபது மைல் சொச்சம் தண்ணீர். பழகிய கடல். ஏழைச் சனங்களும் சிறு வியாபாரிகளும் போய்வரும் பாதை. விதியைத் தளர்த்தினால்தான் கட்டணம் குறையும். விலக்குக் கேட்டு நீங்கள் எழுத வேண்டும்" என்கிறார்.

எழுதுகிறேன். அவர் எதிர்பார்த்த மாதிரி இராது.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் சட்டம் அறியாதவர் அல்லர். 1966ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுமைக்கோட்டு உடன்படிக்கையே விலக்குக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது. போர்க்கப்பல், மீன்பிடிக் கலம், உல்லாசப் படகு, 24 மீற்றருக்குக் குறைந்த புதிய கப்பல் ஆகியவற்றை அது தன் வரம்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. அதன் 6ஆம் உறுப்புரை இன்னும் ஒருபடி மேலே போகிறது. அண்டை நாடுகளின் அருகருகான துறைமுகங்களுக்கிடையே ஓடும் கப்பல்களுக்கு, அந்தக் கடல் காற்றுக்கும் அலைக்கும் ஒதுக்கமானது என்று உரிய அரசுகள் திருப்தியுற்றால், விதியிலிருந்து விலக்களிக்கலாம் என்கிறது. நண்பர் பிடித்துக்கொண்ட கொம்பு இதுதான்.

ஒதுக்கமான கடலாம்! 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு இந்த ஒதுக்கமான கடல், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் வண்டியை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வாரிக்கொண்டு போனது. தண்டவாளத்தில் நின்ற ரயிலுக்கே அந்தக் கதி. தனுஷ்கோடி என்ற துறைமுகப் பட்டினமே அதன்பின் இல்லாமற் போயிற்று. கடலின் அகலத்தைக் கொண்டு அதன் குணத்தை அளப்பவர்கள் அந்த இடிபாடுகளை ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

சுமைக்கோடு என்றால் என்ன என்று அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கப்பலின் நடுவயிற்றில் ஒரு வட்டமும் அதை ஊடறுக்கும் கோடும் வரையப்பட்டிருக்கும். அருகே ஏணிப்படி போலச் சிறு கோடுகள்: கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வெப்பவலயத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. உரிய கோடு நீருக்குள் அமிழ்ந்தால் கப்பல் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத துறைமுகத் தொழிலாளியும் கரையில் நின்று பார்த்துச் சொல்லிவிடலாம். கப்பல் முதலாளிகளுக்கு அதன்மீது ஆத்திரம் வந்ததற்குக் காரணமும் அதுதான் என்பது என் எண்ணம்.

இதற்காகப் போராடியவர் சாமுவேல் பிளிம்சோல் என்ற பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர். அளவுக்கு மீறி ஏற்றிய ஓட்டைக் கப்பல்களைக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பும் முதலாளிகளைப் பற்றி 1873இல் நூலெழுதினார். 1875இல் சபையிலேயே அவர்களைத் திட்டித் தீர்த்தார். 1876இல் சட்டம் வந்தது. எப்படிப்பட்ட சட்டம்? கோடு போடுவது கட்டாயம். எந்த இடத்தில் போடுவது என்பது முதலாளியின் விருப்பம்! இந்த வேடிக்கை 1890 வரை நீடித்தது. பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்த அந்நிய நாட்டுக் கப்பல்கள் 1906 வரை தப்பித்துக்கொண்டன. அதே 1906இல், லொயிட் ஜோர்ஜ் வணிகத்துறைக்குப் பொறுப்பாக இருந்தபோது, கோட்டை மேலே ஏற்றி இன்னும் கூடுதலாகச் சுமக்கவும் இடம் கொடுத்தார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, கந்தப்பளையின் தேயிலை மலையில் பிறந்த இவனுக்குக் கப்பலோடு என்ன வழக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். மலையகத்தானுக்குத்தான் முதல் வழக்கு. நண்பர் இன்று கேட்கும் விலக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதன் வழியாக வந்தவர்கள் நாங்கள்.

1839இல் இந்திய அரசு, கூலி ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்து ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. பிறகு மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நிபந்தனைகளோடு வழி திறந்தார்கள். துறைமுகத்தில் பாதுகாவலர், கப்பலுக்கு உரிமம், கூடவே வைத்தியர், தண்ணீருக்கும் உணவுக்கும் கணக்கு, ஆளொன்றுக்கு 12 சதுர அடி இடமும் 6 அடி உயரமும் என்று காலப்போக்கில் விதிகள் வளர்ந்தன. அந்தக் கப்பல்களிலும் ஆட்கள் செத்தார்கள், விதி மீறப்பட்டது. ஆனாலும் மீறப்பட ஒரு விதி இருந்தது. விசாரிக்க ஓர் ஆள் இருந்தார்.

இலங்கைக்கு? 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இலங்கையைத் தடையிலிருந்து விலக்கியது. 1883இல் குடிபெயர்வுச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, "குடிபெயர்வு" என்ற சொல்லின் வரைவிலக்கணத்திலிருந்தே இலங்கையை எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் எங்கள் முன்னோர் குடிபெயரவே இல்லை. பக்கத்து ஊருக்குப் போனார்கள். கோப்பித் தோட்டத் துரைமார் சொன்ன காரணங்கள் நண்பரின் கடிதத்தில் அப்படியே இருக்கின்றன: கிட்டத்துக் கடல், பழகிய பாதை, விதி வந்தால் செலவு கூடும்.

பொதுவான பயணிக் கப்பல் விதிகள் ஏட்டில் இருந்தன என்று ஒருவர் வாதிடலாம். தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் பாம்பனிலும் கங்காணி கூட்டி வந்தவர்களை ஏற்றிய தோணிகளுக்கு அருகே நின்று தலையை எண்ணியவர் யார்? எண்ணிய ஒரே ஆள் கங்காணிதான். வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறும். ஆகவே அவன் எண்ணியது கடனுக்காக. மன்னாரில் இறங்கியவர்கள் மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் வாந்திபேதியால் மாண்டவர்கள் ஏராளம்.

மலையகத்தார் நினைவில் "ஆதிலட்சுமி" என்ற பெயரோடு நிற்கும் ஒரு கப்பல் உண்டு. 1864இல் அது மூழ்கியதில் 120 தொழிலாளர் மாண்டதாக எங்கள் வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. இந்தியக் குடிபெயர்வுச் சட்டங்களைத் தொகுத்துப் புதிய சட்டம் கொண்டுவந்ததும் அதே 1864இல்தான். இலங்கைக் கடவை அப்போதும் அதற்குள் வரவில்லை. 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரை எங்களுக்கு அந்தக் காவல் கிட்டவில்லை.

2023 ஜூலை இறுதியில், இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது நினைவிருக்கலாம். தரைவழியை மீண்டும் நடந்து காட்ட முடிந்தது. அதற்கு முந்திய கடல்வழியை யார் காட்டுவது?

பழங்கதை என்று நண்பர் தள்ளிவிடுவார். சரி, கொரியாவுக்குப் போவோம். தென்கொரியாவில் பயணிக் கப்பலின் வயதெல்லை 20 ஆண்டாக இருந்தது. வணிகத்துக்கு இடைஞ்சல் என்று 2009இல் அதை 30 ஆக்கினார்கள். அந்தத் தளர்வுக்குப் பின், ஜப்பானில் 18 ஆண்டு ஓடிய கப்பலொன்றை 2012இல் வாங்கி, மேல்தட்டில் அறைகளைக் கூட்டிக் கட்டி, செவோல் என்று பெயரிட்டு ஓட்டினார்கள். 2014 ஏப்ரல் 16ஆம் திகதி அது கவிழ்ந்தபோது, அனுமதித்த பாரத்தைப் போல் இருமடங்குக்கும் கூடுதலாகச் சரக்கு இருந்தது. கப்பலை நிமிர்த்தி வைக்கும் அடிநீரையும் குறைத்திருந்தார்கள். 304 பேர் போனார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர். அதுவும் கரையோரப் பயணம்தான்.

கொரியாவும் தூரம் என்றால் கிண்ணியா இருக்கிறது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். அங்கே கடலுமில்லை, மைலுமில்லை. அக்கரை கண்ணுக்குத் தெரியும்.

விலக்குக் கேட்பவர்கள் எப்போதும் ஏழைகளின் பெயரால்தான் கேட்கிறார்கள். இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கட்டணம் குறைய வேண்டுமானால் அரசு மானியம் கொடுக்கட்டும். துறைமுக வரியைக் குறைக்கட்டும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் விட்டபோது வரிகளில் சலுகை காட்டத்தானே செய்தார்கள்? பணத்தில் விட்டுக்கொடுக்க எத்தனையோ வழியிருக்க, கோட்டை மேலே தூக்கு என்று கேட்பது என்ன நியாயம்?

நான் சிறுவனாக இருந்தபோது, தூரத்து மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் கொழுந்து ஏற்றும் ட்ராக்டர் பெட்டியில் நிற்க வைத்து ஏற்றிச் செல்வார்கள். அம்மாவும் அதில் போனவர். மாலையில் அதே பெட்டியில் வரும் கொழுந்தைத் தராசில் நிறுத்து, ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்துப் பதிவார்கள். காலையில் பெட்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒருவரும் எண்ணி நான் பார்த்ததில்லை.

என் மேசையில் ஒரு தகரத் துண்டு இருக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் கப்பலேறி, ராகமை முகாம் வழியாக மலைக்கு வந்த பூட்டனின் கழுத்தில் தொங்கியது. தோட்டத்தின் அடையாளமும் ஆள் இலக்கமும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. இலக்கம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அவரோடு அந்தத் தட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்கு அங்கே இடமிருந்தது என்று நானும் பல காலம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நண்பருக்கு இதன் படி ஒன்றை அனுப்புகிறேன். மறுப்பு எழுதினால் ஓர் எழுத்தும் குறையாமல் வெளியிடுவேன்.