காற்றுக்கு வழி விடுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டிய வீட்டைப் புதுப்பித்துப் பார்த்தவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் மணலும் ஜல்லியும் குவிந்து கிடக்கின்றன. பழைய வீடுகளை இடிக்கிறார்கள். மாடி எழுப்புகிறார்கள். பளபளக்கும் டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.

இந்த வீடுகள் பல, உழைப்பாளிகள் கட்டியவை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலைக்கு வந்தவர்கள் சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் மனை வாங்கினார்கள். சிறுகச் சிறுக வீடு கட்டினார்கள்.

அந்த வீடுகளில் வசதி குறைவு. ஆனால் காற்று இருந்தது. சமையல் கட்டுக்குப் புகைபோக்கி இருந்தது. குளிக்கும் இடமும் கக்கூசும் கொல்லைப்புறத்தில் இருந்தன. சுற்றிலும் காலி மனைகள்.

இன்று கொல்லைப்புறம் ஓர் அறையாகி விட்டது. குளியல் அறை, படுக்கை அறைக்குள் வந்து விட்டது. பக்கத்து வீட்டுச் சுவர் ஜன்னலை அடைத்து நிற்கிறது. புகைபோக்கி போன இடம் தெரியவில்லை.

ஒரு சிலிண்டர், 20 லிட்டர் தண்ணீர்

"காஸ் அடுப்பில் புகையே இல்லையே! காற்று எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு.

புகை கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி உண்டாகிறது. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ காஸ். அப்படியானால், ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிச் சமையல் கட்டில் கலக்கிறது. சோறு கொதிக்கும் ஆவி வேறு. தாளிக்கும் எண்ணெய்ப் புகை வேறு.

இவையெல்லாம் வெளியே போகாவிட்டால் என்ன ஆகும்? சுவர் ஓதம் காக்கும். பூசணம் பிடிக்கும். மர அலமாரி உப்பும். அடுப்படியில் நிற்கிற தாயின் நெஞ்சுக்குள்ளும், அவள் இடுப்பில் இருக்கிற குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகும்.

விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய் அடுப்புகளின் புகை இன்னும் கொடியது. வீட்டுக்குள் உண்டாகும் இந்தப் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

குளியல் அறையில் எமன்

சிலர் வெந்நீருக்காகக் குளியல் அறைக்குள்ளேயே காஸ் கீசர் மாட்டுகிறார்கள். இது பெரிய ஆபத்து!

கதவையும் ஜன்னலையும் மூடிக் கொண்டு குளிக்கும்போது, கீசர் அறையில் உள்ள பிராணவாயுவை எரித்து விடுகிறது. பிறகு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை. வாடையும் இல்லை. குளிப்பவர் தலை சுற்றி விழுவார். கதவோ உள்ளே தாழிட்டிருக்கும். இப்படி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கின்றன.

காஸ் கீசரை அறைக்கு வெளியே, திறந்த வெளியில்தான் மாட்ட வேண்டும். குழாய் வழியே வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும்.

எவ்வளவு திறப்பு வேண்டும்?

புழுக்கம் மிகுந்த ஊர்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித் தொகுப்பு. சமையல் கட்டு 10 அடிக்கு 8 அடி என்று வைத்துக் கொள்வோம். தரைப் பரப்பு 80 சதுர அடி. அதற்குச் சுமார் 13 சதுர அடி திறப்பு வேண்டும். 4 அடிக்கு 3 அடியில் ஒரு ஜன்னலும், மேலே ஒரு சிறு வெண்டிலேட்டரும் வைத்தால் சரியாகி விடும். ஒரு பக்கமாகத் தள்ளித் திறக்கும் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கணக்கு உண்டு. அதே அறை 10 அடி உயரம் என்றால், உள்ளே இருப்பது 800 கன அடி காற்று. மணிக்கு 15 தடவை அது மாறினால் நல்லது. அதற்கு மணிக்கு 12,000 கன அடி, அதாவது சுமார் 340 கன மீட்டர் காற்றை ஃபேன் வெளியே தள்ள வேண்டும். ஃபேன் பெட்டியில் இந்த அளவு அச்சிட்டிருக்கும். வாங்குமுன் படித்துப் பார்க்க வேண்டும்.

ஃபேனை அடுப்புக்கு அருகில், உயரத்தில் வைக்க வேண்டும். காற்று நுழையும் வழி எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தால், அந்தக் காற்றுதான் போய் வரும். புகை அப்படியே நிற்கும்.

குளியல் அறைக் கதவின் அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டால் போதும். காற்று உள்ளே வரும். ஈரத்தை ஃபேன் வெளியே தள்ளும். ஃபேன் தள்ளும் காற்று வானம் பார்த்த இடத்துக்குப் போக வேண்டும். மேலே தகரம் போட்டு மூடிய சந்துக்குள் தள்ளினால், அது அடுத்த வீட்டுக்காரர் மூக்கில்தான் ஏறும்.

இன்னொன்று: சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். ஆகவே சமையல் கட்டில் தரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும். காஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும், ஃபேன் சுவிட்சைக் கூட, தொடக் கூடாது. சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து விட வேண்டும்.

குடியிருப்பவரும் மனிதரே

ஒரு மனையில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவோர் இந்தப் பகுதிகளில் ஏராளம். தம் வீட்டுக்கு நல்ல ஜன்னல் வைப்பார்கள். பின் போர்ஷனில் இருட்டுச் சமையல் கட்டு! வாடகை கொடுப்பவருக்கும் நுரையீரல் உண்டல்லவா?

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. கட்டிடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம் வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதாது, தரையிலும் இருக்கிறதா என்று அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரும் ஒன்று செய்யலாம். டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்பு மேஸ்திரியை அழைத்து, "காற்று எந்த வழியாக வரும்? எந்த வழியாகப் போகும்?" என்று கேட்க வேண்டும். அந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களும் இருக்க வேண்டும். தினமும் அந்த அடுப்படியில் நிற்கப் போவது பெரும்பாலும் அவர்கள்தானே!