வயது மட்டும் முடிவு செய்யலாகாது

மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சை இடம்பெற வேண்டும், அதற்கு எவ்வளவு தொகை தர வேண்டும் என்று தீர்மானிக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு,

உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரியிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வயதானவருக்குக் கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிந்தால், "நெறி கட்டியிருக்கு, தானா அமுங்கிடும்" என்பார்கள். அமுங்காமல் போய், ஒரு வழியாகப் பயாப்ஸி எடுத்து, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வரும்போது அந்த வீட்டில் எழும் முதல் பேச்சு, "இந்த வயசுல இதைத் தாங்குவாரா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. அதற்குச் சோதித்துப் பார்த்துப் பதில் சொல்ல எங்கள் ஊருக்கு எட்டும் தொலைவில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே என் முறையீடு.

வேகமாகப் பரவும் பெரிய பி-செல் லிம்போமா, சிகிச்சை இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. ஆனாலும் குணமாகக்கூடிய புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. ரிட்டுக்சிமாப் என்ற மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமான கீமோவிலேயே பத்தில் ஆறு பேர் வரை குணமடைகிறார்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கு அதே மருந்துகளை அளவு குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் சேர்ந்த சுமார் 150 பேரில் 59 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ரிட்டுக்சிமாப்பின் இந்தியத் தயாரிப்பு 2007 முதலே சந்தையில் இருக்கிறது. எனவே முதல் சிகிச்சையைப் பொறுத்தவரை, வயதைச் சொல்லி ஒரு முதியவரை வீட்டுக்கு அனுப்பிவிட மருத்துவக் காரணம் அரிது.

சிக்கல் நோய் திரும்பும்போது தொடங்குகிறது. கடுமையான கீமோ, அடுத்து நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைக் கொண்டே மாற்றுச் சிகிச்சை என்பது பழைய வழி. முதிய உடல்கள் பெரும்பாலும் அதைத் தாங்குவதில்லை. அதனால் அவர்களுக்கு மென்மையான கீமோ கொடுத்து நாட்களை நீட்டிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். கார்-டி செல் சிகிச்சை அந்த நிலையை மாற்றியிருக்கிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றி, மீண்டும் உடலில் ஏற்றுகிறார்கள். ஸுமா-7 என்ற பன்னாட்டு ஆய்வில் 65 வயதைக் கடந்தவர்களைத் தனியே பார்த்தபோது, நோய் முற்றாமலும் வேறு சிகிச்சை தேவைப்படாமலும் கழிந்த காலத்தின் இடைநிலை அளவு செல் சிகிச்சையில் 21.5 மாதம், பழைய வழியில் 2.5 மாதம். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியில்லாதவர்களுக்கு மட்டுமே செல் சிகிச்சை கொடுத்துப் பார்த்த 'பைலட்' என்ற ஆய்வில் பாதிப் பேருக்கு 74 வயதோ அதற்கு மேலோ இருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 80 சதவீதத்தினருக்கு நோய் கட்டுப்பட்டது.

எல்லா முதியவர்களுக்கும் இதைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. செல்களை ஏற்றியபின் கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் விழலாம், பேச்சு குழறலாம், மனம் குழம்பலாம். வாரக்கணக்கில் ரத்த அணுக்கள் குறைந்து தொற்று பிடிக்கலாம். ஆய்வுகளில் சேர்ந்த முதியவர்களும் ஓரளவு திடமானவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தாம். 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நம் நாட்டுத் தயாரிப்பான நெக்ஸ்கார்19-இன் ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் அல்லர். இதனால்தான் ஆதார் அட்டையில் உள்ள வயதை வைத்து முடிவெடுக்க முடியாது என்கிறேன். எழுபத்தாறு வயதிலும் உப்பள வரப்பில் நடந்து வேலையை மேற்பார்வையிடுகிறவர் உண்டு. அறுபத்தாறில் சிறுநீரகம் தளர்ந்து கட்டிலோடு கிடக்கிறவரும் உண்டு. நடை, இதயம், சிறுநீரகம், நினைவாற்றல், சாப்பாடு, வீட்டில் கவனிக்க ஆள் ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துச் சொல்வதற்கு முதியோர் மதிப்பீடு என்ற முறை மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் போதும். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், லிம்போமா உறுதியான முதியவர் ஒவ்வொருவருக்கும் கீமோ தொடங்கும் முன்பே இந்த மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய நிலையில் மருத்துவர் முடிவு செய்வதற்கு முன்பே பணம் முடிவு செய்துவிடுகிறது. காப்பீட்டின் உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்திலும் அதே 5 லட்சம்தான். உள்நாட்டுச் செல் சிகிச்சைக்கு மருந்துக்கு மட்டுமே 30 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் ஆகும் செலவில் இது பத்தில் ஒரு பங்குதான். அது நம் அறிவியலாளர்களின் சாதனை. ஆனால் உப்பளக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டு தொகையும் ஒன்றுதான். கல்லீரல் மாற்று போன்ற சிகிச்சைகளுக்கு உச்சவரம்பைத் தாண்டித் தனி நிதியிலிருந்து வழங்கும் வழக்கம் தங்கள் திட்டத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் செல் சிகிச்சையையும் சேர்க்க வேண்டுகிறேன். மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைப்பதில் இந்த மாநிலத்துக்கு முப்பது ஆண்டு அனுபவம் உண்டு. தயாரிப்பாளர்களை அழைத்து விலை பேசும் வலிமை ஒரு நோயாளிக்கு இல்லை, தங்களுக்கு இருக்கிறது.

இன்னொன்று, காலம். இரண்டாவது, மூன்றாவது கீமோ எல்லாம் முடிந்து கடைசியில் அனுப்பினால், எடுக்கவேண்டிய டி செல்களே நலிந்துபோயிருக்கும். பெண்டாமஸ்டின் போன்ற மருந்துகள் அவற்றை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. ஆகவே நோய் திரும்பியது தெரிந்த வாரத்திலேயே சென்னையிலுள்ள நிபுணர் குழுவோடு காணொலியில் கலந்து பேசும் முறை வேண்டும். ஆறுமுகநேரியில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். அதைத் தேவையானவர் மட்டும், தேவையான நேரத்தில் மேற்கொள்ளட்டும். செல் ஏற்றியபின் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டிய காலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் நான்கு வாரத்திலிருந்து இரண்டு வாரமாகக் குறைத்தது. அந்த நாட்களுக்கு நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் தங்குமிடமும் படியும் கொடுத்து, பிறகு தொடர் கவனிப்பைத் தூத்துக்குடிக்கு மாற்றித் தாருங்கள்.

மதிப்பீட்டில் தகுதியில்லை என்று தெரிந்தவரும், வேண்டாம் என்று தாமே சொன்னவரும் கைவிடப்பட்டவர்கள் ஆகிவிடக் கூடாது. அளவு குறைத்த கீமோ ஊருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். வலிக்கு மார்பின் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரணக் கவனிப்பு இவர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். எந்தச் சிகிச்சை பெற்ற முதியவர் எத்தனை காலம் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பெயரின்றி, வயதுவாரியாகப் பதிந்து ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டுகிறேன். வெளிநாட்டுக் கணக்கை வைத்தே நம் பெரியவர்களுக்கு எத்தனை நாள் முடிவு சொல்வது?

அடுத்த முறை சிகிச்சைப் பட்டியல் திருத்தப்படும்போது இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் மேசையில் வைத்து முடிவெடுங்கள். ஏற்க இயலாதவை இருந்தால், அதற்கான காரணத்தை மக்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆறுமுகநேரிவாசி ஒருவர்