பாடுறவர் பேரைப் பெரிசாப் போடுங்க!

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போன ஊர். கோவிலுக்கும் பேர் போன ஊர். பாட்டுக்கும் பேர் போன ஊர்தான். ஆனால் இந்த மூன்றாவது சங்கதி ஊர்க்காரர்களில் பல பேருக்கே தெரியாது. காரணம் என்ன?

ஒரு திருவிழா நோட்டீசைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

மேலே சாமி படம். அது நியாயம். அதற்கடுத்து தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்பவர், குத்துவிளக்கு ஏற்றுபவர், நன்றி கூறுபவர். எல்லோருக்கும் வட்டத்துக்குள் போட்டோ. பிறகு உபயதாரர் பட்டியல். எல்லாம் முடிந்து, அச்சகத்தின் பெயருக்கு ஒரு வரி மேலே, எறும்பு எழுத்தில், "இரவு இன்னிசைக் கச்சேரி நடைபெறும்."

பாடுவது யார்? நாதஸ்வரம் யார்? தவில் யார்? மூச்!

இரண்டு பக்கமும் இடி

இந்த நோட்டீசுக்கு அலைகிற ஆள் ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. கச்சேரி விளம்பரம் அவர் பொறுப்பு. விழாக் கமிட்டிக்கும் பாட்டுக் கோஷ்டிக்கும் நடுவே அவர் ஒரு மத்தளம். இரண்டு பக்கமும் இடி!

"என் மச்சான் பேரு எங்கய்யா? ஐயாயிரம் குடுத்திருக்காரு!" என்று கமிட்டியில் ஒருவர் எகிறுவார்.

"தம்பி, தவில் பேரு விட்டுப்போச்சே..." என்று நாதஸ்வரக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்வார்.

"இனிமே ஊசி குத்தக்கூட இடமில்லை சார். ஒரு போட்டோவைச் சின்னதாக்கினாத்தான் உண்டு" என்பார் அச்சகக்காரர்.

போட்டோவைச் சின்னதாக்க யாருக்குத் தைரியம் வரும்? எகிறியவர் மச்சான் ஏறிவிடுவார். தயங்கியவர் தவில் இறங்கிவிடும்.

அடுத்தது ஆட்டோ விளம்பரம். "இன்று மாலை சரியாக ஆறு மணிக்கு..." என்று ஒலிபெருக்கி ஆரம்பிக்கும். பாடகர் பெயர் வரும் நேரம் பார்த்து எதிரே லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். கடைக்காரர் காதில் விழுவது கடைசியில் வரும் "வாரீர், வாரீர்!" மட்டும்தான். எதற்கு வருவது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விளம்பரக்காரருக்கு வரும் போன்களும் சுவாரசியமானவை. "சினிமாப் பாட்டு உண்டா?" "எஸ்.பி.பி. பாட்டு பாடுவாங்களா?" "உட்கார நாற்காலி போடுவீங்களா?" கடைசியாக, "சுண்டல் என்ன சுண்டல்?" ஒருவராவது "பாடுறது யாருங்க?" என்று கேட்டால் அன்று அவருக்கு தீபாவளி!

ஆறு மணி எப்போது வரும்?

சரியாக ஆறு மணிக்கு என்று போட்ட கச்சேரி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது? எட்டரைக்கு! நடுவில் பொன்னாடை போர்த்தும் படலம். பட்டு நெய்கிற ஊராச்சே, துணிக்கா பஞ்சம்? மைக் டெஸ்டிங் பார்த்துப் பார்த்தே கீபோர்டுக்காரர் களைத்துவிடுவார்.

மெல்லிசைக் குழு பிள்ளையார் பாட்டில் தொடங்கும். ரெண்டு அம்மன் பாட்டு. அதற்குள் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு பறந்து வரும். எல்லாம் சினிமாப் பாட்டு விண்ணப்பம். இளையராஜா, ரஹ்மான், நேற்று வந்த படம் என்று கச்சேரி களைகட்டும் நேரத்தில் மணி பத்து அடிக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு முதல் சட்டம். போலீஸ்காரர் வாட்சைக் காட்டுவார். மைக் அணைந்துவிடும். நோட்டீசில் பெயர் இல்லாத பாடகர், மேடையில் நேரமும் இல்லாமல் வேனில் ஏறுவார்.

பேச்சுக்கு ரெண்டரை மணி. பாட்டுக்கு ஒன்றரை மணி. இதற்குப் பெயர் பாட்டுக் கச்சேரியாம்!

ஒரே ஊர், இரண்டு கதை

பேரைப் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும். இந்த ஊர்க் கதையே அதற்குச் சாட்சி.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1889-ல் பிறந்தவர். தாளக்கட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே பின்னால் இருக்கும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். கோர்ட் பாஷை! இந்த ஊரிலேயே தியாகராஜர் உற்சவமும் நடத்தினார். 1934-ல் காலமானார். அவர் குரல் இசைத்தட்டில் பதிவாகவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா போன்ற சீடர்கள் மூலம்தான் அவர் பாட்டு மிஞ்சியது.

அந்த உற்சவத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி இதே ஊரில் இருந்தாள். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் பாடிய செய்தி பத்திரிகையில் வந்தது. வீட்டில் ஒரே கவலை. "பொண்ணு பேரு பேப்பர்ல வந்துட்டா யார் கட்டிக்குவா?" என்கிற காலம் அது. தலைமை ஆசிரியை துணிந்து தகப்பனாரிடம் பேசினார். கொலம்பியா கம்பெனி இசைத்தட்டு வெளிவந்தது. அந்தச் சிறுமிதான் டி.கே. பட்டம்மாள்!

1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. 1939-ல் 'தியாக பூமி' படத்தில் பாட்டு. 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டு. 1970-ல் சங்கீத கலாநிதி. பேப்பரில் ஒரு தரம் வந்த பெயர் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது பாருங்கள்!

பேர் சொல்ல ஆள் இருந்தால் குரல் தங்குகிறது. நேற்று சாமி புறப்பாட்டில் நாலு மாட வீதியும் நடந்தே வாசித்த நாதஸ்வரக்காரருக்கு அப்படி ஒருவரும் இல்லையே!

சினிமா கற்றுக்கொண்ட பாடம்

சினிமாக்காரர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு பி.ஆர்.ஓ. வேலை பார்த்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படுபவர். அவர் விளம்பரத்தோடு நிற்கவில்லை. எந்தப் படத்தில் யார் பாட்டு, யார் இசை, யார் நடிப்பு என்று படமும் தகவலும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சேமிப்பு புத்தகமாகவும் வந்தது. 2016-ல் அவர் மறைந்த பிறகும், பழைய படத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். விளம்பரக்காரரே சரித்திரக்காரர் ஆகிவிட்டார்.

சங்கீதத்தில் டி. சதாசிவம் இருந்தார். பத்திரிகை விளம்பரத் துறையில் கை தேர்ந்தவர். மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர். அதில் காஞ்சிபுரத்துக்கும் பங்கு உண்டு. எம்.எஸ். உடுத்திய ஒரு நீலப் பட்டு, 'எம்.எஸ். புளூ' என்றே பெயரானது. எம்.எஸ். 2004-ல் மறைந்த பிறகும் கடையில் போய் "எம்.எஸ். புளூ எடுங்க" என்று கேட்கிறார்களே! ஒரு பாடகியின் பெயரை ஒரு நிறத்துக்கே வைத்து, நூலோடு நூலாக நெய்த ஊர் இது. அந்த ஊருக்கு ஒரு நோட்டீசில் பாடகர் பெயரைப் போடத் தெரியாதா?

கூட்டத்துக்கா பஞ்சம்?

"நல்ல பாட்டுக்குக் கூட்டம் வராது சார்" என்று ஒரு சாக்கு சொல்வார்கள். கூட்டம் வராத ஊரா இது? 2019-ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தாரே, லட்சக்கணக்கில் வரவில்லையா? பார்ப்பது யாரை, எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வந்தார்கள். பெருமாளுக்கு வந்த கூட்டம் பாட்டுக்கு வராதுதான். ஆனால் ஆள் தெரிந்து, நேரம் தெரிந்தால், கடையைச் சாத்திவிட்டு வர நூறு பேராவது இருக்கமாட்டார்களா?

விழாக் கமிட்டிகள் மூன்றே மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று, பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோர் பெயரும் நோட்டீசின் மேல் பாதியில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் வரட்டும். போட்டோக்காரர்கள் கீழே இறங்கட்டும்.

இரண்டு, ஆறு மணி என்றால் ஆறு மணி. பொன்னாடையெல்லாம் கச்சேரி முடிந்த பிறகு. கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டிய குமாஸ்தாவும் மனிதர்தானே!

மூன்று, ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரு பிரதி ஊர் நூலகத்துக்குப் போகட்டும். இருபது வருஷம் கழித்து யாராவது கேட்டால் பதில் சொல்ல ஒரு காகிதமாவது இருக்கும்.

இதற்குத் தனியாகச் செலவு கிடையாது. அதே காகிதம், அதே மை. இடம்தான் மாற வேண்டும். தறிக்காரர் பெயர் சேலையில் இல்லை. அது ஒரு பழைய வருத்தம். பாட்டுக்காரர் பெயரும் நோட்டீசில் இல்லை என்ற வருத்தம் கூடவே எதற்கு?

அடுத்த திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் கமிட்டிக்காரர்கள் கவனிப்பார்களா? மச்சான் கோபித்துக்கொள்வார்தான். தவில்காரர் இரண்டு தட்டு கூடத் தட்டுவாரே!